தோல் புற்றுநோயும் உணவு ஆலோசனையும்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோல் புற்றுநோய் வந்தவர்களுக்கும், வந்துவிடுமோ என்று அஞ்சுபவர்களுக்கும் உணவு ஆலோசனை சொல்லும் பணியில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். என் தொடக்க காலப் பிழைகளை அவர்களும் அதே நம்பிக்கையோடு திரும்பச் செய்வதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. மது, புகை, பொரித்த உணவு, உடற்பருமன் ஆகியவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நன்மை செய்கிறோம் என்று நம்பிக்கொண்டே தீங்கு செய்துவிடும் இடங்களைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

உணவைச் சன்ஸ்கிரீனுக்கு ஈடாகப் பேசுதல்

பெரும்பாலான தோல் புற்றுநோய்களுக்கு முதன்மைக் காரணம் புற ஊதாக் கதிர். உணவின் பங்கு உண்டென்றாலும் அது மிகவும் பின்னால் வருவது. தக்காளி விழுதை எண்ணெயோடு சேர்த்து 10 வாரம் தொடர்ந்து உண்டவர்களின் தோல், கதிர் பட்டபோது ஏறத்தாழ 40 சதவீதம் குறைவாகச் சிவந்தது என்று 2001இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு சொல்கிறது. அந்த ஆய்வு அளந்தது தோலின் சிவப்பை; புற்றுநோயை அல்ல. தக்காளியை உண்ணச் சொல்லுங்கள், அதில் பிழையில்லை. ஆனால் "இது உள்ளிருந்து வேலை செய்யும் சன்ஸ்கிரீன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கேட்பவர் அடுத்த நாளே தொப்பியைக் கழற்றிவிடுவார்.

உணவுச் சத்தையும் சன்ஸ்கிரீனையும் ஒரே ஆய்வில் வைத்துப் பார்த்ததும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நாம்பூர் நகரில் 1992இல் தொடங்கிய ஆய்வில் 1,621 பேர் கலந்துகொண்டனர். நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டவர்களுக்கு, தோலின் மேலடுக்குச் செல்களில் தோன்றும் செதிள் செல் புற்றுநோய்கள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தன. பின்தொடர்ந்து பார்த்தபோது, நிறமிச் செல்களில் தோன்றி எளிதில் பரவும் மெலனோமாவும் அவர்களிடையே குறைவாகவே இருந்தது. கேரட் போன்றவற்றில் உள்ள சத்தான பீட்டா கரோட்டினை நாள்தோறும் 30 மில்லிகிராம் விழுங்கியவர்களுக்கோ தோல் புற்றுநோய் குறையவில்லை.

காய்கறியில் இருப்பதைக் குப்பியிலிருந்து கொடுத்தல்

இந்த ஒரு தவறின் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தணியவில்லை. இதைச் செய்பவர்கள் அறியாதவர்கள் அல்லர். நிறையப் படித்தவர்கள், அக்கறை உள்ளவர்கள். அவர்கள் எண்ணுவது இதுதான்: புற ஊதாக் கதிர் தோல் செல்களில் ஆக்ஸிஜனேற்றச் சிதைவை உண்டாக்குகிறது, காய்கறி பழங்களில் உள்ள ஆன்டிஆக்ஸிடன்டுகள் என்னும் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்கள் அதைத் தணிக்கின்றன, எனவே அவற்றைச் செறிவாகக் கொடுத்தால் பாதுகாப்பும் பெருகும். கேட்பதற்கு ஒரு குறையும் தெரியாத இந்த வாதம், மனிதர்களிடம் சோதித்துப் பார்த்த இடங்களில் மீண்டும் மீண்டும் தோற்றிருக்கிறது.

ஒருமுறை வெட்டவெளியில் வேலை செய்யும் ஒரு பெரியவர் என்னிடம் அனுப்பப்பட்டார். காது மடலிலிருந்து செதிள் செல் புற்றுநோய் அகற்றப்பட்டவர் அவர். உட்கார்ந்ததும் ஒரு பையைத் திறந்து செலினியம், வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், பெயர் தெளிவில்லாத ஒரு கலவை என்று குப்பிகளை வரிசையாக மேசைமேல் வைத்தார். முன்பு ஓர் ஆலோசகர் எழுதிக் கொடுத்ததாம். தவறாமல் விழுங்கி வந்திருக்கிறார். வேலையின்போது கழுத்தையும் காதையும் மறைக்கிறீர்களா என்று கேட்டேன். "இதையெல்லாம் சாப்பிடுகிறேனே, அப்புறம் எதற்கு அம்மா?" என்றார். புறங்கையில் சொரசொரப்பான புதிய திட்டுகள் தெரிந்தன. அன்றே அவரைத் தோல் மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன். மாத்திரைகள்தாம் அவற்றை உண்டாக்கின என்று நான் சொல்லவில்லை. ஒருவரை மட்டும் வைத்து அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் அந்தக் குப்பிகள் அவருக்குக் கொடுத்த பொய்யான நிம்மதியை என் கண்ணால் பார்த்தேன்.

அந்தப் பட்டியலில் என்னை அதிகம் உறுத்தியது செலினியம். அமெரிக்காவில் 1983இல் ஓர் ஆய்வு தொடங்கியது. முன்பு அடித்தள செல் புற்றுநோய் (தோலின் மேலடுக்குக்கு அடியில் உள்ள செல்களில் தோன்றுவது) அல்லது செதிள் செல் புற்றுநோய் வந்த 1,312 பேரில் ஒரு பாதிப் பேருக்கு நாள்தோறும் 200 மைக்ரோகிராம் செலினியமும், மறு பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுக்கப்பட்டன. தோல் புற்றுநோய் மீண்டும் வராமல் தடுக்க முடியுமா என்பதே கேள்வி. 1996இல் முடிவு வந்தபோது தோலுக்குப் பயன் இல்லை என்று தெரிந்தது. ஆனால் வேறு சில புற்றுநோய்கள் குறைந்ததாகத் தோன்றிய பக்க முடிவுதான் உலகெங்கும் பரவி, செலினியம் புற்றுநோயைத் தடுக்கும் என்ற பெயரை அதற்கு வாங்கித் தந்தது. 2003இல் முழுத் தரவையும் கொண்டு மறுபடி கணக்கிட்டபோது, செலினியம் எடுத்தவர்களுக்குச் செதிள் செல் புற்றுநோய் ஏறத்தாழ 25 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. மீண்டும் வரக்கூடாது என்று அஞ்சி மாத்திரையை நாடுபவர் எவரோ, அவருக்கே அது வரும் வாய்ப்பைக் கூட்டும் பொருளை நாம் எழுதிக் கொடுக்கிறோம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவையானது 55 மைக்ரோகிராம் அளவே. அது பெரும்பாலோருக்கு உணவிலேயே கிடைத்துவிடுகிறது.

பீட்டா கரோட்டினின் கதையும் இதுதான். முன்பு தோல் புற்றுநோய் வந்த 1,805 பேருக்கு 5 ஆண்டுகள் நாள்தோறும் 50 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 1990இல் வெளியானது. புதிய தோல் புற்றுநோய்கள் குறையவில்லை. புகைபிடிப்பவர்களிடம் நிலைமை இன்னும் மோசம். பின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. எனவே ஒருவர் புகைபிடிப்பவரா என்று கேட்காமல் இந்த மாத்திரையை எழுதுவது வெறும் கவனக்குறைவு அல்ல, ஆபத்து.

அப்படியானால் கேரட்டும் கீரையும் உண்பவர்களுக்கு நோய் குறைவு என்று பழைய ஆய்வுகள் காட்டியது பொய்யா என்று பயிற்சிக்கு வருபவர்கள் கேட்கிறார்கள். பொய்யல்ல. ஆனால் காய்கறியை மிகுதியாக உண்பவர் பெரும்பாலும் குறைவாகப் புகைப்பவர், உடல் எடையில் கவனமுள்ளவர், வெயிலிலும் எச்சரிக்கையாக இருப்பவர். அவருடைய நலனில் கேரட்டின் பங்கு எவ்வளவு, மற்றவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அதோடு, ஆன்டிஆக்ஸிடன்ட் நல்ல செல்லை மட்டும் தேடிப் போய்க் காப்பதில்லை. ஆக்ஸிஜனேற்ற நெருக்கடியால் அழிந்துபோக வேண்டிய புற்றுச் செல்லையும் அது காப்பாற்றிவிடக்கூடும். 2015இல் வெளியான எலி ஆய்வுகளில், ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுக்கப்பட்டபோது மெலனோமா கூடுதலாகப் பரவியது.

நிகோடினமைடை எல்லோருக்கும் பொதுவாக்குதல்

மேலே சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதையும் தவறாகவே கையாள்கிறார்கள். வைட்டமின் பி3இன் ஒரு வடிவமான நிகோடினமைடு, கதிரால் சிதைந்த மரபணுவைச் செல் பழுதுபார்க்கத் துணைசெய்கிறது. 2015இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், முந்தைய 5 ஆண்டுகளில் இரண்டு முறையாவது தோல் புற்றுநோய் வந்திருந்த 386 பேர் பங்கேற்றனர். 500 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு இருமுறை எடுத்தவர்களுக்கு ஓராண்டில் மெலனோமா அல்லாத புதிய தோல் புற்றுநோய்கள் 23 சதவீதம் குறைந்தன. மாத்திரையை நிறுத்தியதும் அந்தப் பயன் நீடிக்கவில்லை.

ஒருமுறைகூட நோய் வராதவருக்கு இதைக் கொடுப்பதற்கு அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில் பயன் தெரியவில்லை. கடையில் நியாசின் என்ற பெயரில் கிடைக்கும் நிகோடினிக் அமிலம் வேறு. அது முகத்தைச் சிவக்கவைத்து எரிச்சலூட்டும், இந்தப் பயனுக்கு அது சோதிக்கப்படவும் இல்லை. உணவால் இந்த அளவை எட்டவும் முடியாது, ஏனெனில் அன்றாடத் தேவையே 14 முதல் 16 மில்லிகிராம்தான். ஆகவே இது மருந்து. முடிவெடுக்க வேண்டியவர் தோல் மருத்துவர்.

வைட்டமின் டிக்காக வெயிலில் நிற்கச் சொல்லுதல்

ஏற்கெனவே தோல் புற்றுநோய் வந்தவரிடம் சொல்லவே கூடாது. இரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்தால், அதை வாய்வழியாகவே ஈடுகட்டலாம்.

ஆரஞ்சை நிறுத்தச் சொல்லுதல்

வேண்டாம். ஆரஞ்சு வகைப் பழங்களுக்கும் மெலனோமாவுக்கும் தொடர்பு தென்பட்டது, மக்கள் உண்பதைக் கேட்டுக் குறித்துப் பார்க்கும் கண்காணிப்பு ஆய்வில் மட்டுமே; அது காரணத்தை நிறுவாது.

சிகிச்சை நடக்கும்போது தனியாக முடிவெடுத்தல்

நோய் முற்றியவருக்குச் சர்க்கரையை முற்றிலும் நிறுத்திப் புற்றைப் பட்டினி போடலாம் என்று புதியவர்கள் நம்புகிறார்கள். நடைமுறையில் பட்டினி கிடப்பவர் நோயாளிதான். எடையும் தசையும் குறையும், அறுவைக் காயம் ஆற நாளாகும். புற்றுநோயாளிக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 கிராமுக்கு மேல், இயன்றால் 1.5 கிராம் வரை புரதம் தேவை. சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்கு முதலில் இதை உறுதி செய்யுங்கள்.

மெலனோமாவுக்கு நோய் எதிர்ப்பாற்றல் சிகிச்சை (உடலின் எதிர்ப்பாற்றலைக் கொண்டே புற்றைத் தாக்கவைப்பது) பெறுபவர்களிடம் நார்ச்சத்து பற்றிப் பேசலாம். 2021இல் வெளியான ஓர் ஆய்வில் 128 பேரின் உணவைப் பார்த்தபோது, நாளொன்றுக்கு 5 கிராம் நார்ச்சத்து கூடும்போதெல்லாம் நோய் முற்றுவதற்கோ இறப்பதற்கோ உள்ள அபாயம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. புரோபயாடிக் மாத்திரை (குடலுக்கு நல்ல நுண்ணுயிரிகள் கொண்டது) எடுக்காதவர்களிடம் இது தெளிவாகத் தெரிந்தது. இதுவும் தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. ஆனால் முழுத்தானியமும் பருப்பும் காய்கறியும் உண்ணச் சொல்வதால் இழப்பு ஏதும் இல்லை. இதே சிகிச்சையில் இருப்பவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மட்டும் எளிதில் செரிக்கும் உணவுப் பட்டியலை நீட்டிவிட்டு ஓயாதீர்கள். அது பெருங்குடல் அழற்சியாக இருக்கலாம், விரைவில் உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நிமிடமே புற்றுநோய் மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

மாத்திரையையும் உணவு நேரத்தையும் ஒத்துப் பாருங்கள். மெலனோமாவுக்குத் தரப்படும் டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப், அடித்தள செல் புற்றுநோய்க்குத் தரப்படும் சோனிடெகிப் ஆகியவற்றை உணவுக்கு 1 மணி நேரம் முன்போ 2 மணி நேரம் பின்போதான் எடுக்க வேண்டும். கொழுப்பு மிகுந்த உணவோடு எடுத்தால் டாப்ராஃபெனிப் குறைவாக உறிஞ்சப்படும். சோனிடெகிப்போ ஏறத்தாழ 7 மடங்கு கூடுதலாக இரத்தத்தில் ஏறிவிடும். நாம் அழகாக வகுத்துக் கொடுக்கும் காலை உணவு நேரம் இதைக் குலைத்துவிடக்கூடாது.

குடிநீரைப் பற்றிக் கேட்காமல் விடுதல்

உண்பதை எல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்பவர்கள், குடிப்பது எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை. நிலத்தடி நீரில் ஆர்செனிக் மிகுந்திருந்தால், பல ஆண்டுகள் குடித்த பின் அது தோல் புற்றுநோயை உண்டாக்கும்; வெயிலே படாத இடங்களிலும் வரும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிறுசிறு தடிப்புகள் இருந்தால் கட்டாயம் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கொதிக்கவைத்தால் ஆர்செனிக் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். ஆகவே நீரை ஆய்வகத்திலும், அந்தத் தடிப்புகளைத் தோல் மருத்துவரிடமும் காட்டச் சொல்லுங்கள்.