பந்தை இப்போது எது தொடுகிறது? விளையாட்டில் விசையும் இயக்கமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சாதாரண தர விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறேன். விசையும் இயக்கமும் தொடங்கும் நாளில் புத்தகத்தைத் திறப்பதில்லை. கரும்பலகையில் ஒரு பந்தை மட்டும் வரைவேன். "எல்லே விளையாடுகிறோம். அடித்த பந்து தடியை விட்டுக் கிளம்பி மேலே போய்க்கொண்டிருக்கிறது. காற்றை விட்டுவிடுங்கள். பந்தின் மேல் தாக்கும் விசைகளை அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள்" என்பேன்.

பெரும்பாலும் இரண்டு அம்புகள் வரும். கீழ்நோக்கி ஈர்ப்பு. மேல்நோக்கி "அடித்த விசை". அந்த இரண்டாவது அம்புதான் இந்தப் பாடத்தில் வரும் பாதித் தவறுகளுக்கு வேர்.

தடியும் பந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பது செக்கனில் ஆயிரத்தில் சில பங்கு நேரம்தான். அடித்த விசை இருந்தது அவ்வளவு நேரம். தடியை விட்டு விலகியதும் அது முடிந்துவிட்டது. அதன்பின் பந்திடம் இருப்பது வேகமும் உந்தமும் (திணிவை வேகத்தால் பெருக்கியது). விசை என்பது பந்துக்குள் ஊற்றி அனுப்புகிற தண்ணீர் இல்லை, வழியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோக. அது எப்போதும் இரண்டு பொருட்களுக்கு இடையில் நடப்பது. அதனால் ஒவ்வொரு அம்புக்கும் ஒரு கேள்வி கேட்கச் சொல்வேன்: இதைக் கொடுப்பது எது? அது இப்போது பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா? பதில் இல்லாத அம்பை அழித்துவிடலாம். தொடாமலே இழுப்பது பூமி ஒன்றுதான். ஆக, மேலே போகும் பந்துக்கும் கீழ்நோக்கிய அம்பு ஒன்றே ஒன்று. கீழே வரும் பந்துக்கும் அதே அம்புதான்.

இந்தத் தவறைச் செய்யும் பிள்ளையை மொக்கு என்று திட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கொழுந்துச் சாக்கைத் தரையில் இழுத்துப் பார்த்தவர்கள் இவர்கள். இழுப்பதை நிறுத்தினால் சாக்கு நின்றுவிடும். 'நகர வேண்டுமென்றால் விசை இருந்துகொண்டே இருக்க வேண்டும்' என்று உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. சாக்கை நிறுத்துவது தரையின் உராய்வு என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. அரிஸ்டோட்டிலுக்கும் தெரியவில்லை. கலிலியோ வந்து, அதன்பின் 1687இல் நியூற்றன் தன் மூன்று விதிகளை வெளியிடும் வரை, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் அறிஞர்களே அப்படித்தான் நம்பினார்கள்.

இதன் தம்பி ஒன்று உண்டு. நேர்மேலே போன பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது, ஆகவே அங்கே ஆர்முடுகலும் (வேகம் மாறும் வீதமும்) பூச்சியம் என்று எழுதுவது. வேகம் பூச்சியம், சரி. ஆர்முடுகல் அங்கேயும் கீழ்நோக்கி 9.8 மீற்றர்/செக்கன்²தான். அதுவும் பூச்சியமாக இருந்தால் பந்து பனிமூட்டத்துக்குள் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். சரிவாக அடித்த பந்துக்கோ உச்சியில் வேகம்கூடப் பூச்சியம் இல்லை. முன்னோக்கிய வேகம் அப்படியே இருக்கும்.

அடுத்தது கயிறிழுத்தல். இல்ல விளையாட்டுப் போட்டியில் அதிகம் சத்தம் கேட்பது இதற்குத்தான், அதிகம் தவறு நடப்பதும் இதில்தான். "நீல இல்லம் கூடுதலான விசையால் இழுத்தது, அதனால் வென்றது" என்று எழுதுவார்கள். கயிறு மிக இலேசானது. அதன் ஒரு முனையில் உள்ள இழுவைதான் ஏறத்தாழ மறுமுனையிலும். நீலம் சிவப்பை எவ்வளவு இழுக்கிறதோ, சிவப்பும் நீலத்தை அவ்வளவுதான் இழுக்கிறது. வெல்கிற அணிக்கும் தோற்கிற அணிக்கும் கயிற்றில் வித்தியாசம் இல்லை.

அப்படியென்றால் வெற்றி எங்கிருந்து வருகிறது? பழைய கேள்வியையே கேளுங்கள்: இந்தப் பிள்ளைகளைத் தொட்டுக்கொண்டிருப்பது எவை? கயிறும் தரையும். கயிறு இரண்டு பக்கத்துக்கும் சமம். மிச்சம் தரைதான். காலால் தரையைப் பின்வாங்காமல் தள்ளி, தரையிடமிருந்து அதிக உராய்வை வாங்குகிற அணி வெல்கிறது. திணிவு கூடியவர்களைச் சேர்ப்பதும் இதற்காகத்தான். தரை அவர்களுக்குக் கொடுக்கும் செவ்வன் மறுதாக்கம், அதாவது மேல்நோக்கித் தாங்கும் விசை, கூடுதல், அதனால் வழுக்காமல் தாங்கும் உராய்வின் எல்லையும் கூடுதல். மழை பெய்து சேறான எங்கள் மைதானத்தில் தோள் பலம் உள்ள அணி வழுக்கிக்கொண்டே போய்த் தோற்றதைப் பார்த்திருக்கிறேன். பயிற்சி கொடுப்பவர்கள் கையைவிடக் குதிகாலைத்தான் கவனிக்க வேண்டும்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தாக்கமும் மறுதாக்கமும் சமம், எதிர்த்திசை, ஆகவே ஒன்றையொன்று அழித்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அவை இரண்டும் வெவ்வேறு பொருட்களின் மேல் தாக்குகின்றன. ஓட்டக்காரி தரையைப் பின்னால் தள்ளுவது தரையின் மேல். தரை அவளை முன்னால் தள்ளுவது அவள் மேல். அவளுடைய கணக்கில் முதலாவதற்கு இடமே இல்லை.

கிரிக்கெட்டில் "பந்து பிட்ச்சில் பட்டதும் வேகமெடுக்குது" என்று சொல்வது வழக்கம். பட்ட பந்து வேகத்தை இழக்கத்தான் செய்யும். துடுப்பாட்டக்காரர் எதிர்பார்த்த அளவு இழக்காதபோது அப்படித் தோன்றுகிறது. சுழல் பந்தும் இதே கதைதான். கண்டியில் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்து, 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டோடு விடைபெற்ற முத்தையா முரளிதரனின் பந்து ஏன் அப்படித் திரும்பியது? அவருடைய மணிக்கட்டின் விசை பந்தோடு கூடவே போகவில்லை. கையை விட்டபோது பந்திடம் இருந்தது சுழற்சி. அந்தச் சுழற்சியோடு தரையைத் தொட்ட சின்னக் கணத்தில் தரையின் உராய்வு பந்தைப் பக்கவாட்டில் தள்ளியது. காற்றிலேயே பந்து கொஞ்சம் வளைவதும் உண்டு. அங்கே தொடுவது காற்று, அதை மக்னஸ் விளைவு என்பார்கள். ஐந்தாம் நாள் பிட்ச் வெடித்துச் சொரசொரப்பானதும் சுழல் ஏன் கூடுகிறது என்று இப்போது பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

இனி, மலையகத்தில் இப்போது நான் அடிக்கடி பார்க்கும் ஒரு தவறு. இது விஞ்ஞானத் தவறுகூட இல்லை, சொல் தவறு. பிள்ளைகள் யூடியூபில் தமிழ்நாட்டுப் பாடங்களைப் பார்க்கிறார்கள். நல்ல பாடங்கள், பார்க்கட்டும். ஆனால் அங்கே 'நிறை' என்பது பொருளில் உள்ள சடப்பொருளின் அளவு, கிலோகிராமில். நமது பாடப்புத்தகத்தில் அதற்குப் பெயர் 'திணிவு'. நமக்கு 'நிறை' என்றால் பூமி இழுக்கும் விசை, நியூற்றனில். அதை அவர்கள் 'எடை' என்கிறார்கள். நமது 'ஆர்முடுகல்' அங்கே 'முடுக்கம்'. நமது 'வேகம்' அங்கே 'திசைவேகம்', நமது 'கதி'தான் அவர்களுடைய 'வேகம்'. இதை யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 'ஓட்ட வீரரின் நிறை 500 நியூற்றன், விளையுள் விசை 100 நியூற்றன், ஆர்முடுகல் என்ன?' என்று கேள்வி. 100ஐ 500ஆல் பிரித்து 0.2 என்று எழுதுகிறார்கள். ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என்று வைத்து, 500ஐ அதனால் பிரித்துத் திணிவு 50 கிலோகிராம் என்று எடுத்தால்தான் சரியான விடை 2 வரும். படித்துவிட்டு வந்த பிள்ளை படித்ததாலேயே பிழைவிடுவது எனக்குப் பெரிய வேதனை. கொப்பியின் முதல் பக்கத்தில் இந்தச் சொற்களை இரண்டு நிரலாக எழுதி ஒட்டுங்கள்.

நுவரெலியாவில் பந்து தூரம் போகும் என்பார்கள். உண்மைதான். "மலை மேல் ஈர்ப்பு குறைவு" என்று காரணம் சொல்வதுதான் தவறு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் ஈர்ப்பு குறைவது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கொழும்போடு பார்க்கும்போது காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பந்தைத் தடுக்கும் காற்று மெலிந்ததுதான் காரணம். 1968இல் மெக்சிக்கோ நகர ஒலிம்பிக்கில், 2,240 மீற்றர் உயரத்தில், பொப் பீமன் நீளம் பாய்தலில் 8.90 மீற்றர் பாய்ந்து பழைய சாதனையை 55 சென்ரிமீற்றரால் முறியடித்தார். மெல்லிய காற்று உதவியது, முதுகுப் பக்கமிருந்து காற்றும் வீசியது. ஆனாலும் 1991இல் மைக் பவல் 8.95 மீற்றர் பாய்ந்தது டோக்கியோவில், கடல் மட்டத்தை ஒட்டிய ஊரில்.

தூரமாக எறிய 45 பாகை என்ற விதி, எறிந்த மட்டத்திலேயே விழும் பொருளுக்கு, காற்றை விட்டுவிட்டால் மட்டும் சரி. குண்டு எறிதலில் குண்டு தோளுக்கு மேலிருந்து கிளம்பித் தரையில் விழுகிறது. மனிதக் கையும் சாய்வு குறையும்போதுதான் வேகமாகத் தள்ளும். அதனால் நல்ல வீரர்கள் 40 பாகைக்கும் கீழேதான் குண்டை விடுகிறார்கள். நீளம் பாய்பவர்கள் கிளம்புவது 20 பாகை அளவில்.

கடைசியாகப் பிடியெடுப்பது. "கையைப் பின்னால் இழுத்தால் உந்தமாற்றம் குறையும்" என்று எழுதாதீர்கள். 160 கிராம் பந்து மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது என்றால், செக்கனுக்கு 20 மீற்றர். எப்படிப் பிடித்தாலும் அதன் உந்தம் 3.2இலிருந்து பூச்சியத்துக்கு வந்தாக வேண்டும். மாறுவது அதற்கு எடுக்கும் நேரமும் தூரமும். கையை விறைப்பாக வைத்து 2 சென்ரிமீற்றருக்குள் நிறுத்தினால் சராசரி விசை 1,600 நியூற்றன், மூன்று அரிசி மூட்டையின் நிறைக்கும் மேல். பந்தோடு கையைக் கொண்டுபோய் 20 சென்ரிமீற்றரில் நிறுத்தினால் 160 நியூற்றன். கரப்பந்தாட்டத்தில் உயரக் குதித்து அடித்துவிட்டு இறங்கும்போது முழங்காலை மடக்கச் சொல்வதும் இதே கணக்குத்தான். தோட்டத்து மைதானங்கள் மலையை வெட்டி எடுத்த இறுகிய மண், கொஞ்சமும் அமுங்காது. உடம்பை நிறுத்தும் தூரத்தை முழங்கால்தான் கொடுக்க வேண்டும்.