கனடாவுக்கு விண்ணப்பித்த பிறகு வீட்டில் கலியாணமோ குழந்தையோ வந்தால்

உவர்மலையில் இருந்தாலும் உப்புவெளியில் இருந்தாலும், நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும்போது கலியாணம், குழந்தை, விவாகரத்து, மரணம் என்று குடும்பத்தில் எது மாறினாலும், உடனே கனடா குடிவரவுத் திணைக்களத்தின் இணையப் படிவத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு அறிவித்துவிடுங்கள். விசா கைக்கு வந்த பிறகு மாறினாலும் விமானம் ஏறுமுன் சொல்லத்தான் வேண்டும்.

நம் திருகோணமலையில் பலர் சறுக்குவது எழுத்தில்தான், அதாவது கலியாணப் பதிவில். எழுத்து முடிந்திருக்கும், தாலி கட்ட இன்னும் மாதக்கணக்கு இருக்கும், அதுவரை 'கலியாணம் ஆகவில்லை' என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். அப்படியில்லை, பதிவாளர் முன் கையெழுத்திட்ட நாளிலிருந்து நீங்கள் திருமணமானவர். அப்பா அம்மாவின் விண்ணப்பத்தில் பிள்ளையாகச் சேர்பவர் பொதுவாக 22 வயதுக்குக் குறைந்தவராகவும் துணை இல்லாதவராகவும் இருக்க வேண்டும்; வயதை விண்ணப்பம் கிடைத்த நாளோடு நிறுத்திவிடுவார்கள், கலியாண விஷயத்தை மட்டும் அங்கே போய் இறங்கும்வரை பார்ப்பார்கள். அதனால் தயவுசெய்து எழுத்தை அவசரப்படுத்தாதீர்கள்.

குழந்தை பிறந்தால் பிறப்புச் சான்றிதழை எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றி, மூலத்தின் பிரதியோடு அனுப்புங்கள். கூட வராத பிள்ளையையும் கட்டாயம் சொல்லுங்கள், மறைத்தால் பின்னால் அந்தப் பிள்ளையை ஸ்பொன்சர் செய்யும் வழியே அடைபட்டுப் போகலாம்.