நடை வராத குழந்தைக்கு டேகேரில் எந்த அறை? அமெரிக்காவில் இருக்கும் பெற்றோருக்கு

அமெரிக்காவில் டேகேரில் விடும் குழந்தைக்கு ஒரு வயதோ ஒன்றரை வயதோ ஆனதும் இன்ஃபன்ட் ரூமிலிருந்து டாட்லர் ரூமுக்கு மாற்றுவார்கள். பல குழந்தைகளுக்கு ஒரு வாரம் அழுகை, அப்புறம் பழகிவிடும். உங்கள் குழந்தை இன்னும் நடக்கவில்லை, தவழ்வதே இப்போதுதான் என்றால், டைரக்டர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "நடக்க ஆரம்பிக்கட்டும், பிறகு மாற்றலாமே" என்று சொல்ல வாய்ப்பு அதிகம். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். இருந்தாலும் அங்கேயே சரி சொல்லிவிடாதீர்கள். "வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். மெசேஜிலும் மெயிலிலும் சம்மதம் போலத் தோன்றும் எதையும் எழுத வேண்டாம். உங்கள் சம்மதம்தான் இதில் பெரிய விஷயம், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வயதைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் பல நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து வெளியிட்ட அளவுப்படி, தனியாக நடப்பது ஏறக்குறைய 8 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். 13 மாதக் குழந்தை நடக்கவில்லை என்பது தாமதமே அல்ல, அதைக் காரணமாகச் சொன்னால் தயங்காமல் மறுக்கலாம். 18 மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது, உடம்பு துவண்டோ விறைப்பாகவோ இருக்கிறது என்றால் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். செய்துகொண்டிருந்ததைச் செய்யாமல் விட்டுவிட்டால் உடனே பார்க்க வேண்டும். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தான்" என்று ஊரிலிருந்து பாட்டி சொல்வது உண்மையாகவே இருக்கலாம், அதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

எந்த அறை என்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். ஒன்றே முக்கால் வயதுக் குழந்தை நாள் முழுக்க ஐந்து மாதக் குழந்தைகளோடு இருந்தால் அதனோடு பேச யாரும் இல்லை, பொம்மையைப் பிடுங்கிச் சண்டை போடக்கூட ஆள் இல்லை. ஆசிரியைகளின் நேரம் பாட்டிலிலும் டயப்பரிலும் போய்விடும். டாட்லர் ரூமில் பாட்டு, பெயிண்ட், மேசையில் உட்கார்ந்து தானே சாப்பிடுவது, மதியம் ஒரே தூக்கம் என்று நாளே வேறு மாதிரி ஓடும். கால் பின்தங்கியிருப்பதால் பேச்சும் விளையாட்டும் சேர்ந்து காத்திருக்க வேண்டியதில்லை. எழுந்து நிற்கும் ஆசைகூடப் பக்கத்தில் ஒருவன் நிற்பதைப் பார்த்துத்தான் பல குழந்தைகளுக்கு வருகிறது. என்னைக் கேட்டால், வயதொத்த பிள்ளைகள் இருக்கும் அறைதான் முதல் தெரபி.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1990-இல் வந்த ஏடிஏ என்ற மாற்றுத்திறனாளிகள் சட்டம் தனியார் டேகேர்களுக்கும் பொருந்தும், வீட்டிலேயே நடத்தும் சின்ன டேகேர்களுக்கும் பொருந்தும். மத அமைப்புகள் நேரடியாக நடத்துபவைக்கு விலக்கு உண்டு, ஆனால் அவை மத்திய அரசின் பணம் வாங்கினால் 1973-இன் மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு வந்துவிடும். டேகேர்களுக்காக அமெரிக்க அரசின் நீதித்துறை (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) வெளியிட்டுள்ள கேள்வி பதிலில் இந்த விஷயம் தெளிவாகவே இருக்கிறது: பொதுவாக, குறைபாடுள்ள குழந்தையை அதன் வயதுக்குரிய வகுப்பில்தான் வைக்க வேண்டும், பெற்றோர் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர. இதனால்தான் அவசரப்பட்டுச் சரி சொல்லாதீர்கள் என்றேன். இந்த ஏற்பாடுகளுக்காக உங்களிடம் கூடுதல் கட்டணமும் கேட்க முடியாது. அதே நேரம் சட்டத்துக்கு எல்லையும் உண்டு. உங்கள் குழந்தைக்கு மட்டும் முழுநேரமும் ஒரு ஆளைப் போடு என்று பொதுவாக அது டேகேரைக் கட்டாயப்படுத்தாது, நடத்துபவருக்குத் தாங்கமுடியாத சுமையாகும் மாற்றத்தையும் கேட்காது. உங்கள் குழந்தையைத் தனியாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும், "நடக்காத யாரையும் எடுப்பதில்லை" என்று மொத்தமாக ஒரு விதி வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

டைரக்டரைப் பார்க்கப் போவதற்கு முன்பே ஏர்லி இன்டர்வென்ஷனுக்குப் போன் செய்துவிடுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான அரசுத் திட்டம் இது, ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு பெயர்: டெக்சஸில் இசிஐ, கலிஃபோர்னியாவில் ரீஜனல் சென்டர் வழியாக ஏர்லி ஸ்டார்ட். டாக்டர் சீட்டு வேண்டாம், பெற்றோரே கூப்பிடலாம். மதிப்பீடு இலவசம், தெரபிக்குச் சில மாநிலங்களில் வருமானத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கட்ட வேண்டியிருக்கும். கூப்பிட்டதிலிருந்து 45 நாளுக்குள் மதிப்பீடு முடிந்து, குழந்தை தகுதி பெற்றால் ஐஎஃப்எஸ்பி என்ற திட்டம் போடும் கூட்டமும் நடக்க வேண்டும். ஹெச்1பி-யில் இருப்பவர்கள் இதற்குப் போய்த் தயங்குகிறார்கள், தயங்க வேண்டாம், அந்த மாநிலத்தில் வசித்தால் போதும். ஐஎஃப்எஸ்பி கூட்டத்தில் மறக்காமல் கேட்க வேண்டியது ஒன்று: தெரபிஸ்ட் வீட்டுக்கு மட்டும் வராமல் டேகேருக்கும் வர வேண்டும். குழந்தை இயல்பாக நாளைக் கழிக்கும் இடத்திலேயே சேவை தர வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் அடிப்படை, டேகேரும் அப்படி ஒரு இடம்தான். பிசியோ தெரபிஸ்ட் வாரம் ஒரு மணி நேரம் வந்து ஆசிரியைக்குச் சொல்லிக்கொடுத்தால், மீதி நாள்களில் அந்தப் பயிற்சி தானாக நடக்கும்.

தெரபிஸ்ட்டிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். நோயின் பெயரும் மதிப்பெண்களும் அதில் முக்கியமில்லை. குழந்தை எப்படி நகர்கிறது, எதைப் பிடித்து நிற்கிறது, எதற்குக் கை கொடுக்க வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று ஆசிரியை படித்தவுடன் புரிகிற மாதிரி இருக்க வேண்டும்.

அப்புறம் அந்த டாட்லர் ரூமை நேரில் போய்ப் பாருங்கள், முடிந்தால் தெரபிஸ்ட்டையும் கூட்டிக்கொண்டு. காலையில் எல்லோரும் ஓடுகிற நேரமாகப் பார்த்துப் போவது நல்லது. தரையில் குழந்தை தவழ வழி இருக்கிறதா, மூலையில் ஓடும் கால்கள் வராத ஒரு இடம் கிடைக்குமா? பிடித்து எழுந்து நிற்க ஏற்ற தாழ்வான அலமாரிகள் சுவரோடு பொருத்தப்பட்டிருக்கின்றனவா, இழுத்தால் சாயுமா? நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுசாகப் பட வேண்டும், படவில்லை என்றால் காலுக்கு அடியில் ஒரு சின்னப் பலகை வைத்தால் போதும். பக்கவாட்டில் தடுப்பு உள்ள நாற்காலி இருந்தால் தளர்ந்த உடம்புக்கு அது பெரிய உதவி, கை இரண்டும் சாப்பிட விடுபடும். பெரும்பாலான டாட்லர் ரூம்களில் தொட்டில் கிடையாது, தரையை ஒட்டிய கட்டில்தான். தவழும் குழந்தைக்கு அது வசதிதான், தானே ஏறி இறங்கும். வெளியே விளையாடும் இடத்தில் மரச்சீவல் கொட்டியிருந்தால் முழங்கால் குத்தும், கனமான பேண்ட் இரண்டு கொடுத்துவையுங்கள். காலில் பிளாஸ்டிக் பிரேஸ் போடும் குழந்தை என்றால் மாட்டுவது எப்படி, கழற்றியதும் தோலில் சிவப்பு எவ்வளவு நேரத்தில் மறைய வேண்டும் என்று தெரபிஸ்ட்டே ஆசிரியைக்குக் காட்டட்டும்.

டைரக்டர் சொல்லும் தடைகள் பெரும்பாலும் நாலைந்துதான். மிதித்துவிடுவார்கள் என்பது முதல் பயம், அது நியாயமான பயமும்கூட. தவழும் குழந்தையின் விரல்கள் ஓடும் குழந்தைகளுக்குத் தெரியாது, அதற்கு அந்த மூலையும், ஓடும் நேரத்தில் பெரியவர் ஒருவர் தரையில் பக்கத்தில் உட்காருவதும் பதில். டயப்பர் மேசைக்குத் தூக்க முடியாது என்றால் தரையில் மேட் விரித்து மாற்றலாம். வரிசையாக நடந்து தோட்டத்துக்குப் போவார்களே என்றால் வேகன் அல்லது ஸ்ட்ரோலர், தீ அபாய ஒத்திகைக்கும் அதுவே, யார் தூக்குவார் என்று முன்பே பெயர் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஆள் எண்ணிக்கை பற்றிச் சொன்னால்தான் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஜெர்சியில் ஒன்றரை வயது வரை நாலு குழந்தைக்கு ஒருவர், அதன் பிறகு ஆறுக்கு ஒருவர். டெக்சஸில் 18 மாதத்திலிருந்து ஒன்பது குழந்தைக்கு ஒருவர். ஒன்பது பேரோடு ஒரே ஆசிரியை என்றால் அவர் தயங்குவது புரிகிறது, அங்கே எந்த நேரத்துக்கு இரண்டாவது ஆள் இருப்பார் என்பதைக் கேட்டு, சாப்பாடு, வெளி விளையாட்டு போன்ற கஷ்டமான நேரங்களை அதற்கேற்ப அமைக்கச் சொல்லுங்கள். "லைசென்ஸ் விதி அனுமதிக்காது" என்று பொதுவாகச் சொன்னால், எந்த விதி என்று காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். மாநில விதிகள் இணையத்திலேயே கிடைக்கும்.

பேசி முடித்ததும் அன்றைக்கே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்: எந்தத் தேதியில் மாற்றம், முதல் வாரம் அரை நாளா, என்னென்ன ஏற்பாடு, தெரபிஸ்ட் எந்தக் கிழமை வருவார், எப்போது மறுபடி உட்கார்ந்து பேசுவோம். கோபம் வேண்டாம், நாளை காலையும் குழந்தையை அவர்களிடம்தான் விடப்போகிறீர்கள்.

சில சமயம் காத்திருப்பதே சரியாகவும் இருக்கும். அறுவை முடிந்து கட்டுப் போட்டிருக்கிறது, தலை நிற்கவில்லை, அந்த அறையில் ஆசிரியை இப்போதுதான் வேலையை விட்டுப் போயிருக்கிறார், புதியவர் வர ஒரு மாதமாகும், இப்படி இருந்தால் நீங்களே கொஞ்சம் பொறுக்கலாம் என்று முடிவு செய்யலாம். ஆனால் தேதி போட்டு ஒப்புக்கொள்ளுங்கள். "நடக்கும் வரை" என்பது தேதி அல்ல. அந்த இடைவெளியிலும் தினமும் ஒரு மணி நேரம், பாட்டு நேரத்துக்கோ சாப்பாட்டுக்கோ, டாட்லர் ரூமுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

சீக்கிரம் நடக்கட்டும் என்று சக்கரம் வைத்த வாக்கரில் மட்டும் உட்கார வைக்காதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அதைத் தடை செய்யச் சொல்லிவருகிறது, கனடா 2004-லேயே தடை செய்துவிட்டது. நடையை அது சீக்கிரம் கொண்டுவருவதும் இல்லை.

இரண்டரை வயதை நெருங்கும்போது அடுத்த வேலை தொடங்கும். மூன்றாவது பிறந்தநாளோடு ஏர்லி இன்டர்வென்ஷன் முடிந்து, பொறுப்பு உங்கள் ஊர்ப் பள்ளி நிர்வாகத்துக்குப் போகும், அங்கே ஐஎஃப்எஸ்பி-க்குப் பதில் ஐஇபி என்ற தனிப்பட்ட கல்வித் திட்டம். பிறந்தநாளுக்கு 90 நாள் முன்பே அதற்கான கூட்டம் நடக்க வேண்டும், ஏர்லி இன்டர்வென்ஷன் ஒருங்கிணைப்பாளர் கூப்பிடவில்லை என்றால் நீங்கள் கூப்பிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு டேகேர் முடியாது என்றால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு உங்கள் மாநிலத்தின் பெற்றோர் பயிற்சி தகவல் மையத்தைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் ஒன்றாவது உண்டு, நியூ ஜெர்சியில் ஸ்பான், டெக்சஸில் பார்ட்னர்ஸ் ரிசோர்ஸ் நெட்வொர்க். காசு வாங்க மாட்டார்கள், போனை எடுப்பவர்களில் பலர் இதே நிலையைக் கடந்து வந்த அம்மா அப்பாக்கள். நீதித்துறையிலும் இணையம் வழியாகப் புகார் கொடுக்கலாம், அதற்கு வக்கீல் தேவையில்லை.