2⁶⁷ − 1: 21 இலக்கப் பகு எண் ஒன்றைக் கையால் ஆராயும் முறை

147573952589676412927 என்ற எண்ணைப் பார்த்து மலைக்காமல், முதலில் அதை 2⁶⁷ − 1 என்று எழுதிக்கொள்ள வேண்டும். கீழே வரும் கணக்குகள் பெரும்பாலும் இந்த வடிவத்தை வைத்தே நடக்கின்றன. பிரெஞ்சுக் கணித அறிஞர் மெர்சென் 1644இல் இதைப் பகா எண் என்று பட்டியலிட்டார். இது பகு எண்ணே என்று 1876இல் லூக்கா நிறுவினார், ஆனால் காரணி எதையும் காட்டவில்லை. 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் காரணிகளை முன்வைத்தார்.

எளியவற்றை விரைவில் முடித்துவிடலாம். 67ஐ 0.30103 ஆல் பெருக்கினால் 20.17 வருவதால் இலக்கங்கள் 21 ஆகும். 2-இன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று சுழல்வதாலும், 67ஐ 4 ஆல் வகுத்தால் மீதி 3 என்பதாலும், 2⁶⁷ 8 இல் முடிகிறது, நம் எண் 7 இல் முடிகிறது.

பகு எண்ணா என்று அறிய ஃபெர்மாவின் சோதனையை (எண்ணில் ஒன்றைக் கழித்த அடுக்குக்கு ஓர் அடிமானத்தை உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) 2 என்ற அடிமானத்துடன் இங்கே பயன்படுத்தக் கூடாது. நம் எண்ணில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் 2⁶⁷ − 2 என்பது 67 ஆல் வகுபடும்; 2⁶⁷ஐ நம் எண்ணால் வகுத்தாலோ மீதி 1. ஆகவே 2ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி நம் எண்ணால் வகுத்தால் மீதி 1 தான் வரும், சோதனையும் இதைப் பகா எண் போலவே காட்டிவிடும். லூக்கா–லெமர் சோதனையே இதற்கு ஏற்றது: 4 இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி, 2ஐக் கழித்து, நம் எண்ணால் வகுத்த மீதியை எடுத்துக்கொண்டு, இதை 65 முறை செய்தபின் மீதி 0 வந்தால் மட்டுமே அது பகா எண். பழகிக்கொள்ள 2¹¹ − 1 = 2047 போதும்: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. ஒன்பது படிகளுக்குப் பின்னும் 0 வரவில்லை; உண்மையில் 2047 = 23 × 89.

காரணி தேடுவதுதான் பெரிய வேலை, ஆனால் கண்மூடித்தனமாகத் தேட வேண்டியதில்லை. 67 பகா எண் என்பதால், 2⁶⁷ − 1ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 134க + 1 என்ற வடிவில்தான் இருக்க முடியும். அதோடு அதை 8 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகவே இருக்க வேண்டும். இரண்டாம் நிபந்தனைக்காக, க-வை 4 ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1 வரும் மதிப்புகளை மட்டும் எடுக்கிறோம். 135, 537, 671, 1073, 1207 ஆகிய முதல் ஐந்தும் பகு எண்களாகவே இருப்பதால் கழிந்துவிடுகின்றன. சோதிக்கத் தக்க முதல் எண் 1609.

அதற்காக 21 இலக்கத்தையும் வகுக்கத் தேவையில்லை. 1609 ஆல் வகுத்த மீதிகளை மட்டும் கவனித்தால், 2¹¹க்கு 439, அதன் வர்க்கமான 2²²க்கு 1250, மீண்டும் வர்க்கப்படுத்தினால் 2⁴⁴க்கு 161. பின்னிரண்டையும் பெருக்கினால் 2⁶⁶க்கு 125, எனவே 2⁶⁷க்கு 250. 1609 காரணியாக இருந்தால் 2⁶⁷க்கு மீதி 1 வர வேண்டும், ஆனால் வரவில்லை. ஆகவே 1609 காரணி அல்ல. இதே முறையில் மேலே சென்றால் க = 1445580 ஆகும்போதுதான் 193707721 என்ற காரணி கிடைக்கிறது. இரண்டு நிபந்தனைகளாலும் சலித்த பின்னும் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட எண்கள் நிற்பதைக் கண்டால், கணினி இல்லாத காலத்தில் கோல் செய்த வேலையின் அளவு புரியும். மற்றக் காரணி 761838257287.

பெருக்கலை 9, 11 ஆகியவற்றின் மீதிகளால் சரிபார்க்கலாம். 9 ஆல் வகுத்தால் இரு காரணிகளுக்கும் மீதி 1, நம் எண்ணுக்கும் 1. 11 ஆல் வகுத்தால் காரணிகளின் மீதிகள் 9, 8. அவற்றின் பெருக்கலான 72க்கு மீதி 6, நம் எண்ணுக்கும் அதே 6. இவை பிழையைப் பிடிக்க உதவுமே தவிர நிறுவலாகா. முழுப் பெருக்கலை ஒருமுறையாவது எழுதிப் பார்க்க வேண்டும்.

இரு காரணிகளும் வெவ்வேறு பகா எண்கள் என்பதால் வகுத்திகள் 4 மட்டுமே. காரணிகளின் கூட்டுத்தொகை 762031965008. இதையும் 1ஐயும் நம் எண்ணோடு கூட்டினால் வகுத்திகளின் கூட்டுத்தொகை 147573953351708377936. மாறாக, நம் எண்ணிலிருந்து அதே தொகையைக் கழித்து 1ஐக் கூட்டினால், நம் எண்ணுக்கு உட்பட்டு அதனுடன் பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்பது கிடைக்கிறது: 147573951827644447920.