பிரசங்கக் குறிப்புகளைச் செயலியில் சேர்த்துவைக்கும் முறை

பிரசங்கக் குறிப்புகளைத் தேதி வாரியாகச் சேமிப்பதே பலருக்கும் பழக்கம். சில ஆண்டுகள் கழித்து அதே வேதபகுதி வரும்போது, அதை எந்த மாதம் பேசினோம் என்பதே நினைவிருப்பதில்லை. ஆகவே அப்சிடியன், ஒன்நோட், எவர்நோட் என எந்தக் குறிப்புச் செயலியைப் பயன்படுத்தினாலும், குறிப்புகளை வேதபகுதி வாரியாகவே வைத்துக்கொள்ளுங்கள். நான் பயன்படுத்துவது அப்சிடியன். குறிப்புகள் எளிய உரைக்கோப்புகளாக நம் கணினியிலேயே இருப்பதால், இணையம் கிடைக்காத கிராமத்து ஆலயத்திலும் அவற்றைத் திறக்க முடிகிறது.

ஒவ்வோர் அதிகாரத்துக்கும் ஒரு குறிப்பு போதும். ஆனால் புத்தகத்தின் பெயரை மட்டும் தலைப்பாக இட்டால், செயலி அகரவரிசைப்படி அப்போஸ்தலருடைய நடபடிகளை ஆதியாகமத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிடும். 66 புத்தகங்களில் லூக்கா 42ஆவது என்பதால், 15ஆம் அதிகாரத்துக்கு ‘42-015 லூக்கா’ என்று பெயரிடுங்கள். சங்கீதங்கள் 150 இருப்பதால் அதிகார எண்ணுக்கு மூன்று இலக்கங்கள் தேவைப்படுகின்றன.

இனி இணைப்புகள். கெட்ட குமாரன் உவமையில், தூரத்தில் வரும் மகனைக் கண்ட தகப்பன் ‘மனதுருகி’ ஓடுகிறான் (லூக்கா 15:20). பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் இதே சொல் நாயீன் ஊர் விதவையின் சம்பவத்திலும் (7:13), நல்ல சமாரியன் உவமையிலும் (10:33) வருகிறது. மூன்று இடங்களிலும் கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல் ஒன்றே. ‘மனதுருக்கம்’ என்று தனிக் குறிப்பொன்றைத் தொடங்கி, அதில் மூன்று அதிகாரங்களின் குறிப்புப் பெயர்களையும் இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் அவை இணைந்துவிடும். ஒரு வாரத்துக்கென்று தேடியது, இவ்வாறு மூன்று பிரசங்கங்களுக்கு விதையாகிறது.

தேடும்போது தமிழின் வேற்றுமை உருபுகளை மறக்கக் கூடாது. ‘இரக்கம்’ என்று தேடினால் ‘இரக்கத்தை’ அகப்படாது. ‘இரக்க’ என்று தேடினால் இரண்டும் அகப்படும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய பிரசங்கங்களை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றினால்தான் அவை தேடலுக்குள் வரும். அலுப்பான வேலைதான், வாரத்துக்கு இரண்டு என்று மாற்றிவந்தால் பாரமாகத் தெரியாது.

உதாரணக் கதைகளைத் தனித்தனிக் குறிப்புகளாக வைத்து, எந்தச் சபையில், என்றைக்குச் சொன்னோம் என்பதைக் கீழே பதிந்துவிடுங்கள். ஒரே கதையை இரண்டாம் முறை கேட்கும் சபை முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லாது, வாசலில் கைகுலுக்கும்போது சிரிக்கும். சபையார் ஜெபத்துக்காக நம்மிடம் மனம்விட்டுச் சொன்னவற்றை மட்டும், பெயரை மாற்றியும்கூட, இந்தக் குறிப்புகளில் எழுத வேண்டாம்.

பிரசங்க பீடத்துக்குக் கைபேசியைக் கொண்டுபோவதைவிட, சனிக்கிழமை இரவே குறிப்பைப் பெரிய எழுத்தில் இரண்டு தாளில் அச்சிட்டுக்கொள்வது நல்லது. திரை அணைந்துபோகும் தொல்லை இராது. ஞாயிறு மதியம் அந்தத் தாளை எடுத்து, நேரமில்லாமல் விட்ட பகுதியையும், ஆராதனைக்குப் பின் யாரேனும் கேட்ட கேள்வியையும் அதே அதிகாரக் குறிப்பின் அடியில் சேர்த்துவிடுங்கள்.