கடப்பா கல் தரையில் பழைய பளபளப்புப் பூச்சை எடுப்பது எப்படி?

எங்கள் வீட்டுக் கூடம் முழுக்கக் கடப்பா கல். பல வருடம் முன்னால் அடித்த பளபளப்புக் கோட்டிங் வாசல் பக்கம் தோல் போல உரிந்து, ஈரம் சிக்கிய இடங்களில் வெள்ளைத் திட்டாகிவிட்டது. போன மாதம் நானே இறங்கி எடுத்து முடித்தேன்.

பாத்ரூம் ஆசிட்டைத் தயவுசெய்து தொடாதீர்கள். கடப்பா, சுண்ணாம்புக் கல் வகை. ஆசிட் பட்டால் கல்தான் அரிக்கும், கோட்டிங் அப்படியே இருக்கும். எலுமிச்சையும் வினிகரும்கூட வேண்டாம்.

முதலில் கதவுக்குப் பின்னால் ஒரு மூலையில் அசிட்டோன் நனைத்த பஞ்சை இரண்டு நிமிடம் வைத்து எடுங்கள். விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் பெரும்பாலும் அக்ரிலிக் வகைப் பூச்சு, பெயின்ட் தின்னரில் போய்விடும். ஒன்றுமே ஆகவில்லையா? தின்னருக்கு மசியாத எபாக்சியாகவோ பாலியூரித்தேனாகவோ இருக்கலாம். அதற்குத் தரை தேய்க்கும் மெஷின் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுவதே நல்லது.

தின்னர் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். சிலிண்டரை மூடி, சாமி விளக்கை அணைத்து, ஜன்னலெல்லாம் திறந்துவையுங்கள். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. கார்பன் ஃபில்டர் உள்ளதை வாங்குங்கள். தடித்த ரப்பர் கையுறையும் வேண்டும்.

நான் மாட்டிக்கொண்டது அடுத்த கட்டத்தில்தான். முதல் நாள் தின்னரை ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே போனேன். நாலு கல் தாண்டித் திரும்பிப் பார்த்தால், முதல் கல்லில் அதே பூச்சு பிரஷ் கோடுகளோடு காய்ந்து கிடக்கிறது! கரைந்த பூச்சு எங்கும் போவதில்லை. தின்னர் ஆவியானதும் திரும்பப் படிந்துவிடுகிறது.

அதனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கல். பழைய துண்டைத் தின்னரில் நனைத்து விரித்து, மேலே பாலிதீன் ஷீட் போட்டு ஓரங்களை அழுத்திவிடுங்கள். 15 நிமிடம் கழித்து ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். பூச்சு சுருங்கி, வெல்லப்பாகு மாதிரி இழுபட்டால் அதுதான் பதம். உடனே வழித்தெடுத்து, தின்னர் நனைத்த சுத்தமான துணியால் ஒரே பக்கமாகத் துடையுங்கள். துணி பழுப்பானால் மாற்றிவிடுங்கள். அழுக்குத் துணியால் துடைப்பது மறுபடி பூசுவதுதான்.

வழிக்க பிளாஸ்டிக் பட்டி பிளேடுதான் என் தேர்வு. இரும்பு பிளேடு கடப்பாவில் கீறல் போடும்; இரும்பு நார் துருப்புள்ளி விடும். இடுக்குகளுக்குப் பழைய டூத் பிரஷ் போதும்.

அப்புறம் ஆசிட் இல்லாத தரை சோப்பால் கழுவி, இரண்டு முறை நல்ல தண்ணீர் விட்டு, இரண்டு நாள் காயவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நிற்காமல் மெல்லப் பரவி ஊறினால் பூச்சு போய்விட்டது.

பின்சேர்க்கை: துடைத்த துணிகளை என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். வெளியே, நெருப்பு அண்டாத இடத்தில், தனித்தனியாக விரித்து முழுக்கக் காயவிட்ட பிறகே போடுங்கள். மிச்சத் தின்னரைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். மூடி இறுக்கிவையுங்கள், அடுத்த அறைக்கு ஆகும்.