பாவுக்கு ஆகாத நார் ஊடைக்கு ஆகும்: வீட்டுத் தறியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்கு மரச்சட்டங்களைச் சேர்த்து, மேலும் கீழும் வரிசையாகச் சிறு ஆணிகள் அடித்தால் ஒரு தறி தயார். அதன் பிறகு கை சும்மா இருப்பதில்லை. கொல்லையில் வெட்டிப் போட்ட வாழை மரம், பீரோவில் மடிந்து கிடக்கும் சுங்குடிச் சேலை, கோரை, பனையோலை, வெட்டிவேர் என்று கண்ணில் படுவதெல்லாம் நூலாகவே தெரியும். ஆசையில் குற்றமில்லை. ஆனால் கடையில் வாங்கும் பருத்தி நூல் பல கைகளைத் தாண்டி, நெய்வதற்கென்றே பக்குவப்பட்டு வருகிறது. நாமே உரித்து எடுத்த நாருக்கு அந்தப் பக்குவத்தையும் நாமேதான் செய்ய வேண்டும். தறியின் முன் உட்காருவதற்கு முன்பே பல தவறுகள் நடந்து முடிந்துவிடுகின்றன. அவற்றில் பெரும்பங்கு தண்ணீர் சம்பந்தப்பட்டவை. அதற்கு வருவதற்கு முன் பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் சறுக்கல் அங்கேதான்.

அரிய நாரைப் பாவில் ஏற்றுவது

தறியில் நீளவாக்கில் விறைப்பாக நிற்பது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. பாவுக்கு இரண்டு சோதனைகள் ஓயாமல் நடக்கின்றன: ஒன்று இழுவிசை, மற்றது உராய்வு. ஒவ்வொரு முறை ஊடையை அடித்து நெருக்கும்போதும் பாவு இழை தேய்கிறது. ஊடைக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒருமுறை உள்ளே போனால் போனதுதான்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அழகான நாரைப் பாவாகக் கட்டிவிட்டுச் சாதாரண நூலை ஊடையாக ஓட்டுகிறார்கள். பாதி வழியில் இழைகள் பிரிந்து, பிசிறு எழும்பி, ஒவ்வொன்றாக அறுகின்றன. பத்தமடைப் பாயைப் பாருங்கள். கோரைப்பாய் என்றுதான் பெயர், ஆனால் மெல்லிய பாயில் பாவு பருத்தி நூல். மிக உயர்ந்த ரகத்தில் பட்டு நூல். கோரை குறுக்கே மட்டும்தான் போகிறது. சென்னைக்கு அருகே அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாழைநாரில் சேலை நெய்து பேர் வாங்கியபோதும், பருத்தியையும் பட்டையும் துணைக்கு வைத்துக்கொண்டுதான் நெய்தார்கள். ஸ்வீடனில் கிழிசல் துணியில் நெய்யும் விரிப்பிலும் இதே ஏற்பாடுதான்: உறுதியான நூல் பாவு, துணிக்கீற்று ஊடை.

நார் பாவுக்குத் தாங்குமா என்று தெரிந்துகொள்ள ஒரு முழ இழை போதும். இரு கையிலும் சுற்றி வெடுக்கென்று இழுங்கள். அறாவிட்டால் ஒரு சீப்பின் பற்களுக்கிடையே விட்டு முன்னும் பின்னும் இருபது முப்பது தடவை தேய்த்துப் பாருங்கள். பஞ்சுபோல் பிசிறு கிளம்பினாலோ, இழை இரண்டாகப் பிளந்தாலோ அது ஊடைக்குரியது.

இதற்கு விலக்கு இல்லாமல் இல்லை. ஜப்பானின் ஒகினாவா தீவில் கிஜோகா என்ற ஊரில் பாவு, ஊடை இரண்டையுமே வாழைநாரில் நெய்கிறார்கள். பாஷோஃபு என்ற அந்தத் துணியின் நெசவை 1974ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு முக்கியமான அருவப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. போருக்குப் பிறகு அந்த நெசவை மீட்டெடுத்த டைரா டோஷிகோ 2000ஆம் ஆண்டில் 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்ற சிறப்பைப் பெற்றவர். ஆனால் அது பழத்துக்காக வளர்க்கும் வாழை அல்ல, நாருக்கென்றே பயிரிடும் இனம். தண்டு அடி முதல் நுனி வரை ஒரே பருமனாக இருப்பதற்காக வளரும்போதே நுனியை வெட்டிவிடுகிறார்கள். மட்டைகளைத் தரம் பிரித்து, சாம்பல் நீரில் வேகவைத்து, பாவு இழைக்குத் தனியாக முறுக்கும் ஏற்றுகிறார்கள். ஒரு கிமோனோவுக்கான துணிக்கு ஏறத்தாழ 200 மரங்கள் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. படத்தில் அந்தத் துணியைப் பார்த்துவிட்டுக் கொல்லையில் நிற்கும் மொந்தனிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தண்ணீர்: எப்போது, எவ்வளவு

பச்சையாக நெய்வது ஒரு தவறு. வெட்டிய அன்றே கோரை பளபளவென்று வளைந்து கொடுக்கும். கை வைத்தால் நெய்யத்தான் தோன்றும். இடைவெளியே தெரியாமல் நெருக்கி நெய்து முடித்து, சுவரில் மாட்டியும் விடலாம். நாலைந்து நாளில் ஒவ்வொரு தண்டும் ஒல்லியாகிவிடும். குறுக்கே வெளிச்சம் தெரியும். விரலால் தள்ளினால் ஊடை முழுவதும் மேலும் கீழும் நகரும். பச்சைத் தண்டின் பருமனில் பெரும்பகுதி நீர்தான், நார் அல்ல. பத்தமடையில் கோரையைக் கீறி, காயவைத்து, தாமிரபரணியின் ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மீண்டும் காயவைத்த பிறகே தறிக்குக் கொண்டுவருகிறார்கள். வெட்டிவேர், தாழை மடல், ஓலை எல்லாவற்றுக்கும் முறை ஒன்றே: முதலில் முழுதாகக் காயட்டும், நெய்யும் நேரத்தில் திரும்ப ஈரமாக்குங்கள்.

அடுத்த தவறு இதற்கு நேர் எதிரானது: காய்ந்த நாரைக் காய்ந்தபடியே நெய்வது. கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர் வாழைநாரைத் தண்ணீரில் போட்டு வைத்திருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காய்ந்த நாரில் முடிச்சுப் போட்டால் படக்கென்று முறியும், நனைந்த நார் நூல்போல் இறுகும். தறியிலும் அப்படித்தான். பிலிப்பைன்சின் மிண்டனாவோ தீவில் த'போலி பெண்கள் வாழை இனத்தைச் சேர்ந்த அபாக்கா நாரில் நெய்கிறார்கள். வெயில் ஏறினால் நார் முறியும் என்று விடியற்காலையிலும் அந்தி சாய்ந்த பிறகுமே தறியில் உட்காருவது அவர்கள் வழக்கம். நம் ஊர்க் குழித்தறியும் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் ஈரப்பதத்தைப் பாவுக்குக் கொடுக்கிறது. வீட்டிலோ நாம் மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, அதற்கு நேர் கீழே தறியை வைத்துக்கொண்டு, நார் ஏன் முறிகிறது என்று யோசிக்கிறோம்.

நனைப்பதிலும் அளவு உண்டு. வாளியில் இரவெல்லாம் ஊறப்போடுவது வேண்டாத வேலை. உரித்துச் சீவிய வாழைநாருக்கு ஈரத்துண்டில் சுற்றி ஒரு மணி நேரம் வைத்தாலே போதும். காய்ந்த மட்டைக் கீற்றைச் சில நிமிடம் தண்ணீரில் போட்டு எடுக்கலாம். அன்றைக்கு நெய்யும் அளவை மட்டும் ஈரமாக்குங்கள். மீந்த ஈர நாரை பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஓரிரு நாளில் கரும்புள்ளிகள் தோன்றும். அந்தப் பூஞ்சைக் கறை பிறகு எந்தச் சோப்புக்கும் அசையாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓலையும் கோரையும் நெய்யத் தொடங்காமல் இருப்பதே நல்லது. நெய்தது உள்வரை காய்வதற்குள் நாற்றம் பிடித்துவிடும்.

இந்த முறைக்கு அடங்காத நாரும் இருக்கிறது. மியான்மரின் இன்லே ஏரியில் தாமரைத் தண்டைக் கீறி ஒடித்து இழுத்து, வெளிவரும் சிலந்தி இழை போன்ற நாரை ஈரப் பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டி நூலாக்குகிறார்கள். தண்டு காய்ந்தால் நார் வராது. பறித்த ஈரம் போவதற்குள் வேலை முடிய வேண்டும். வாழையிலும் நார் எடுக்கும் கட்டம் இப்படித்தான். மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றால் நார் பழுப்பேறிவிடும்.

மட்டையை இரண்டு விரல் அகலக் கீற்றாகக் கிழித்து, உட்புறத்துச் சோற்றுப் பகுதியை முதலில் உரித்து எறிந்துவிடுங்கள். நல்ல நார் வெளித்தோலை ஒட்டித்தான் இருக்கிறது. கீற்றைப் பலகையில் வைத்து, மழுங்கிய கத்தியாலோ சிரட்டை விளிம்பாலோ நடுவிலிருந்து நுனியை நோக்கிச் சீவ வேண்டும். பிறகு திருப்பிப் பிடித்து மறுபாதி. கூர்மையான கத்தி எடுத்தால் சாறோடு நாரும் அறும். பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வாழைக்கறை போகாது என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாரைப் பஞ்சாக நினைத்து நூற்பது

தக்ளி என்னும் கைநூற்புக் கதிர் வைத்திருப்பவர்கள் வாழைநாரைத் துண்டு துண்டாக நறுக்கிப் பருத்திபோல் நூற்க முயல்கிறார்கள். அதன் நீளமே அதன் சொத்து, அதை ஏன் வெட்ட வேண்டும்? பருத்தி இழை இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். அதனால் அதை முறுக்கிச் சேர்க்கிறோம். மட்டை நீளத்துக்கு வரும் நாரை முனையோடு முனை முடிந்து நீட்டினால் போதும். ஒகினாவாவிலும், அன்னாசி இலை நாரில் நெய்யும் பிலிப்பைன்சின் அக்லான் மாகாணத்திலும் அப்படித்தான் செய்கிறார்கள். முடிச்சின் வால்களை ஒட்ட நறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து இழையில் மாட்டும். அடிப்பக்கம் தடிப்பு, நுனிப்பக்கம் மெலிவு என்பதால் அடியை அடியோடும் நுனியை நுனியோடும் சேர்த்தால் நூல் திடீரென்று பருமன் மாறாது.

பழைய சேலை

சேலையை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு அணுகுங்கள். பல ஆண்டுகள் மடிப்பிலேயே கிடந்த பருத்திச் சேலை மடிப்புக் கோட்டில் இற்றுப்போயிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, அந்த இடங்களை ஒதுக்கிவிட்டுக் கிழியுங்கள். நீளவாக்கில் கிழித்தால் ஐந்தரை மீட்டர் கீற்று ஒட்டே இல்லாமல் கிடைக்கும். கத்தரிக்கோலால் கோணலாக வெட்டிய கீற்றோ இழுத்தால் நீளும், ஓரம் பிசிறும். ஜரிகைக் கரையைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், பக்கத்தில் இருக்கும் மெல்லிய நாரை அது அறுத்துவிடும்.

ஒரு கீற்று முடிந்து அடுத்தது தொடங்கும்போது முடிச்சுப் போடுவது பழக்கதோஷம். விரிப்பில் காலுக்கு உறுத்தும், சுவரில் தொங்கினால் கட்டிபோல் தெரியும். இரு நுனியையும் கூராக வெட்டி, பாவுக்குள்ளேயே நாலு விரற்கடை தூரம் ஒன்றின் மேல் ஒன்று படுக்கவிட்டு அடித்தால் போதும், பிடித்துக்கொள்ளும்.

பருத்தியையும் பாலியெஸ்டரையும் வரிக்கு வரி மாற்றி நெய்வது பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும், முதல் முறை துவைக்கும் வரை. பருத்தி சுருங்கும், மற்றது சுருங்காது. விரிப்பு அப்பளம்போல் அலையலையாக எழும்பும். கலந்துதான் ஆக வேண்டும் என்றால் பருத்திக் கீற்றை வெந்நீரில் அலசிக் காயவைத்த பிறகு தறிக்குக் கொண்டுவாருங்கள்.

ஓரம் இடுங்குவது

தொடங்கும்போது ஒரு அடி அகலம், முடிக்கும்போது பத்து அங்குலம். ஊடையை நேர்கோட்டில் இறுக்கி இழுப்பதால் வரும் வினை இது. ஊடை பாவின் மேலும் கீழும் வளைந்து போக வேண்டும், அதற்குக் கூடுதல் நீளம் தேவை. வில்போல் தளரவிட்டு, பிறகு அடியுங்கள். விறைப்பான நாரும் ஓலையும் ஓரத்தில் அழகாகத் திரும்பாது, மல்லுக்கட்டினால் முறியும். திருப்பவே வேண்டாம். பாய் நெய்கிறவர்கள் ஒவ்வொரு கோரையையும் தனித்தனியாக நுழைக்கிறார்கள், நுனிகளைக் கடைசியில் ஒழுங்குபடுத்திக்கொள்கிறார்கள்.

பாவு இழைகளின் நெருக்கமும் ஊடையைப் பொறுத்தது. தடித்த கீற்றை ஓட்டப்போகிறீர்கள் என்றால் பாவை அகலவிட்டுக் கட்டுங்கள். மெல்லிய நூலுக்கான நெருக்கத்தில் பாவைக் கட்டிவிட்டுக் கோரையைத் திணித்தால் அட்டைபோல் விறைத்துவிடும்.

சாயம்

உப்பும் வினிகரும் போட்டால் எந்தச் சாயமும் நிற்கும் என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். பீட்ரூட், செம்பருத்தி நிறங்கள் எதைப் போட்டாலும் சில வாரங்களில் வெளுத்துவிடும்; மஞ்சள் வெயிலில் ஓடிவிடும். தாவர நார்கள் படிகாரத்தை மட்டும் வைத்தால் சரியாக ஏற்பதில்லை. முதலில் கடுக்காய் நீரில் ஊறவைத்துக் காயவைத்து, பிறகு படிகாரம், அதன் பிறகு சாயம் என்பதுதான் பழைய வரிசை. கலம்காரித் துணியில் இன்றும் அதுதான். பத்தமடைப் பாயின் பழைய சிவப்பு சப்பங்கிக் கட்டையிலிருந்து வந்தது. நாட்டு மருந்துக் கடையில் பதிமுகம் என்று கேட்டால் கிடைக்கும். கடுக்காயோடு இரும்பு சேர்ந்தால் நல்ல கறுப்பு வரும், ஆனால் இரும்பு நாளடைவில் நாரை அரித்துவிடும். ஆகவே கறுப்பை ஊடையில் மட்டும், அதுவும் அளவாக. நெய்து முடித்த பிறகு சாயத்தில் முக்குவது இன்னொரு தவறு. பாவும் ஊடையும் வேறு வேறு பொருளாக இருந்தால் ஒன்று குடிக்கும், ஒன்று குடிக்காது.

எதற்காக நெய்கிறோம்

வாழைநாரில் கைக்குட்டையோ தலையணை உறையோ வேண்டாம். மடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப மடித்தால் நார் முறியும். விளக்கு உறை, மேசை விரிப்பு, பையின் முன்பக்கம், சுவரில் தொங்கவிடும் துணி இவற்றுக்கு அது நன்றாகப் பொருந்தும். வைக்கும்போது சுருட்டி வையுங்கள், மடிக்காதீர்கள். கஞ்சி போட்ட எதையும் அலசாமல் அலமாரியில் வைத்தால் கரப்பான் தேடி வரும்.

பெரியதாகத் தொடங்குவதற்கு முன் அதே பாவு, அதே ஊடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு நெய்து, அளந்து குறித்துக்கொண்டு, தண்ணீரில் முக்கிக் காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள். எவ்வளவு குறைந்ததோ அந்த விகிதத்தில் பெரிய பாவின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டிக் கட்டலாம். தறியில் கட்டுவதற்கும் அறுப்பதற்குமாக இரு முனையிலும் ஒரு சாண் நீளம் தனியாக விட மறக்காதீர்கள்.